போர்த்துவோம், மறைக்க வேண்டாம்!

தத்தெடுக்கப்படும் குழந்தை ஒன்றிற்காகப் பங்கின் பெண்கள் கூடி அமர்ந்து, வீட்டுக்கு ஒரு துணித்துண்டு திரட்டி, கையாலேயே ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். நம்மிடையே மூன்று முகங்கள் தோன்றும். முதல் முகம் சிரிக்கும்: "கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போர்வைக்கு இத்தனை பேர் எதற்கு, சாமி?" இரண்டாம் முகம் அஞ்சும்: "தத்துப்பிள்ளை என்று ஊருக்கே தண்டோரா போடவா?" மூன்றாம் முகம் ஒன்றும் பேசாது, சற்றே சுளித்துக்கொள்ளும். அது வாய்விட்டுக் கேட்கத் துணியாத கேள்வி ஒன்று உண்டு. அதனைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். இம்மூன்று முகங்களுக்கும் மறுமொழி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்துணியின் பெருமை

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பட்டில் பூவேலை செய்து, கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்க்கும் அலங்காரப் பொருளைப் பற்றி நான் பேசவில்லை. உடுத்தி, துவைத்து, நைந்து, மென்மையடைந்த பருத்திச் சேலைகளிலிருந்தும் வேட்டிகளிலிருந்தும் வெட்டிய சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்த ஒட்டுப்போர்வையைப் பற்றியே பேசுகிறேன்.

இது எங்கிருந்தோ இறக்குமதியான நாகரிகம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாமல், வீட்டில் பழகிய மெல்லிய பழந்துணியில் பொதிந்து வைப்பது நம் பாட்டிமாரின் வழக்கம். தாயின் சேலையே தூளியாகிறது. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் இணைத்துச் செய்யும் காந்தாவும், பீகாரில் பிறந்த குழந்தைக்கென்றே தைக்கப்பட்டு வந்த சுஜனியும் இவ்வழக்கத்தின் உடன்பிறப்புகளே. காந்தா என்னும் சொல்லும் நம்முடைய கந்தை என்னும் சொல்லும் ஒரே வேரின. கர்நாடகத்தின் வடகன்னடப் பகுதியில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைகள் இன்று உலகறிந்தவை. போர்த்துக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அம்மக்களில் ஒரு பகுதியினர் நம்மைப் போலவே கத்தோலிக்கர். அடிமைத்தனம் பெயரையும் ஊரையும் பறித்துக்கொண்ட பின்னரும், கையில் எஞ்சிய கந்தைகளைக் கொண்டு தம் குழந்தைகளுக்கு வெதுவெதுப்பை உண்டாக்கியவர்கள் அவர்கள்.

ஆகவே பழந்துணி இழிவன்று. பிறர் உடுத்திய துணி குழந்தையின்மேல் படும்போது, "நீ வரும் முன்னரே இங்கு வாழ்ந்தவர்கள் நாங்கள், எங்களோடு நீயும் சேர்ந்துகொள்" என்று அது சொல்லாமல் சொல்கிறது.

முதல் முகத்திற்கு: கடைப்போர்வை போதாதா?

குளிர் தாங்குவதற்குக் கடைப்போர்வை தாராளமாகப் போதும். நம்முடைய ஊர்களின் வெயிலுக்கு அதுவும் மிகை. ஆனால் வளைகாப்பைப் பற்றி இதே கேள்வியை நாம் கேட்பதுண்டா? கருவுற்ற மகளுக்கு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளையல் அடுக்குகிறோம். ஐந்து வகைச் சோறு சமைக்கிறோம். அண்டை அயலாரை அழைக்கிறோம். வளையல் இல்லாமலும் குழந்தை பிறக்கும். எனினும் சமூகம் அந்தப் பெண்ணின் காத்திருப்பைத் தன்னுடைய காத்திருப்பாக ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு அச்சடங்கு சான்று.

தத்தெடுக்கக் காத்திருக்கும் பெண்ணுக்கு நாம் என்ன செய்கிறோம்? அவள் காத்திருப்பு ஒன்பது மாதங்களில் முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மத்திய தத்தெடுப்பு ஆதார அமைப்பில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். சமூகப்பணியாளர் வீட்டிற்கு வந்து குடும்ப ஆய்வு நடத்துவார். வருமானம், உடல்நலம், மணவாழ்வு, வீட்டின் சூழல் எல்லாம் வினவப்படும். பின்னர் வரிசையில் நின்று அழைப்பிற்காகக் காத்திருக்க வேண்டும். இத்தனை நாள்களும் அவள் வயிறு பெரிதாவதில்லை; ஆகையால் பேருந்தில் எவரும் எழுந்து இடம் தருவதில்லை; புளிப்பு வேண்டுமா என்று எவரும் கேட்பதில்லை. ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது "இன்னும் ஒன்றும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி மட்டும் தவறாமல் வருகிறது. அவள் கருவுற்றிருப்பது உள்ளத்தில். அதைக் காணும் கண்கள் நம்மிடம் இல்லை.

கையால் தைக்கும் போர்வைக்கு நாள்கள் பல பிடிக்கும். அதுவே அதன் குறை என்கிறார்கள். அதுவே அதன் தகுதி என்கிறேன் நான். ஒரு சதுரத்தைத் தைக்கும் நேரத்தில் அந்தப் பெண்ணைப் பற்றியும், இன்னும் முகமறியாத அந்தக் குழந்தையைப் பற்றியும் நினைக்காமல் இருக்க முடியாது. அவள் வீட்டில் அமர்ந்து தைக்கும் நான்கு பெண்கள் அவளுடைய தனிமையில் பங்கு கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் போர்வைக்கு அந்த ஆற்றல் இல்லை. விலை கொடுத்தவுடன் நம் கடமை முடிந்துவிடுகிறது.

சாமுவேலின் முதல் நூலில் அன்னாவைப் பாருங்கள். தவமிருந்து பெற்ற மகனைச் சீலோவில் குரு ஏலியின் பராமரிப்பில் விட்டுவிட்டு வந்தவள் அவள். அது தத்து அன்று. ஆயினும் தன் பிள்ளை வேறொருவர் கையில் வளர்வதைக் கண்ட தாய் அவள். ஆண்டுதோறும் பலி செலுத்தச் செல்லும்போது அவள் என்ன எடுத்துச் சென்றாள்? தானே செய்த சிற்றாடை ஒன்றை. வளர்ந்துவரும் பிள்ளையின் அளவை ஒவ்வோர் ஆண்டும் மனக்கண்ணால் அளந்து அவள் அதைச் செய்திருக்க வேண்டும். தொலைவிலிருக்கும் குழந்தையோடு கை பேசும் மொழி தையல் என்பதை விவிலியமே நமக்குக் காட்டுகிறது.

இரண்டாம் முகத்திற்கு: ஊருக்குத் தெரிய வேண்டுமா?

இனி அஞ்சும் முகத்திற்கு வருவோம். இந்த அச்சத்தை நான் இகழமாட்டேன்; அது அன்பிலிருந்தே பிறக்கிறது. "பள்ளியில் கேலி செய்வார்கள், சண்டையில் எவராவது சொல்லிக் காட்டுவார்கள், பிள்ளை மனம் உடையும்" என்று பெற்றோர் கலங்குகிறார்கள். எனவே மறைக்கிறார்கள். வேலையை மாற்றிக்கொண்டு வேற்றூர் செல்கிறார்கள். சில வீடுகளில் வயிற்றில் துணியைக் கட்டிக்கொண்டு மாதங்களை நடித்துக் கழிக்கும் கொடுமையும் நிகழ்கிறது.

இந்த மறைவிற்கு ஒரு காலத்தில் சட்டமும் துணைபோயிற்று என்பதை நம் பொதுநிலையினர் அறிந்திருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும், புத்த, சமண, சீக்கிய சமயத்தவருக்கும் மட்டுமே உரியது. கிறிஸ்தவத் தம்பதியர்க்கு இருந்த வழி 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் ஒன்றே. அதன்படி அவர்கள் குழந்தையின் காப்பாளர்கள், பெற்றோர் அல்லர். பிள்ளை சட்டப்படி உரிய வயதை அடைந்ததும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். சொத்தில் பிள்ளைக்குரிய உரிமையும் இல்லை. எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான தத்தெடுப்புச் சட்டம் இயற்ற 1972, 1980 ஆகிய ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் சட்டமாகவில்லை. "சட்டம் எங்களைப் பெற்றோராக ஏற்கவில்லை, ஆகவே பெற்ற பிள்ளை என்று பதிந்துகொண்டோம்" என்று சொல்வோருக்கு அன்று ஒரு சாக்கேனும் இருந்தது.

இன்று அந்தச் சாக்கும் இல்லை. 2000ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டமும், அதற்கு 2006இல் செய்யப்பட்ட திருத்தமும் சமய வேறுபாடின்றித் தத்தெடுக்க வழி திறந்தன. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், எச்சமயத்தவரும் இச்சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்கலாம் என்று தெளிவாக்கியது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டின் சட்டப்படி, தத்தெடுக்கப்பட்ட குழந்தை எல்லா வகையிலும் அப்பெற்றோரின் பிள்ளையே. இதே சட்டம், உரிய நெறிமுறையின்றிக் குழந்தையை எடுப்பதையும் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. "தெரிந்த செவிலியர் மூலம் சத்தமில்லாமல் முடித்துவிட்டோம்" என்று பெருமையோடு சொல்பவர்கள் இதை நெஞ்சில் நிறுத்தட்டும். சத்தமில்லாமல் முடிக்க வேண்டிய தேவை இருக்கும் இடத்தில்தான் குழந்தை விலைப்பொருளாகிறது. எல்லாரும் அறியத் தைக்கும் போர்வை அத்தகைய இடத்தில் தைக்கப்பட முடியாது.

திருச்சபையின் சட்டம் இவ்வகையில் நாட்டின் சட்டத்தை முந்திக்கொண்டது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 110ஆம் சட்டம், நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளாகவே கருதுகிறது. 1094ஆம் சட்டமோ, தத்தெடுப்பால் அண்ணன் தங்கையானவர்கள் ஒருவரையொருவர் மணக்க முடியாது என்கிறது. இரத்தக் கலப்பில்லை என்று அது வாதிடவில்லை. உடன்பிறப்பு என்றால் உடன்பிறப்புதான். திருமுழுக்குப் பதிவேட்டைப் பற்றிய 877ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவைக் கவனியுங்கள்: தத்தெடுத்த பெற்றோரின் பெயர்கள் எழுதப்பட வேண்டும், நாட்டின் பதிவேட்டில் பெற்றவர்களின் பெயர்கள் குறிக்கப்படும் வழக்கமிருந்தால், ஆயர் பேரவையின் விதிகளுக்கு இணங்க அவையும் எழுதப்பட வேண்டும். "சாமி, நாங்கள் பெற்றதாகவே எழுதிவிடுங்கள்" என்று கண்கலங்கி நிற்கும் தம்பதியர்க்கு எந்தப் பங்குத்தந்தையும் சொல்ல வேண்டிய மறுமொழி ஒன்றே. நீங்கள் பெற்றோர் என்பதற்குப் பொய்ச்சான்று தேவையில்லை; மெய்யான சான்றே உங்கள் பக்கம் இருக்கிறது.

விவிலியமும் தத்தை மறைக்கவில்லை. நைல் ஆற்றங்கரையில் கூடையைத் திறந்த பார்வோனின் மகள், அது எபிரேயக் குழந்தை என்பதை அறிந்தே எடுத்தாள். அவள் சூட்டிய மோசே என்னும் பெயரே, நீரிலிருந்து எடுக்கப்பட்டவன் என்ற வரலாற்றைச் சொல்கிறது. கண்டெடுத்த கதையைப் பிள்ளையின் பெயரிலேயே வைத்து அரண்மனையில் வளர்த்தாள் ஒரு பிற இனத்துப் பெண். நாமோ அண்டை வீட்டாருக்கு அஞ்சிப் பிள்ளையின் கதையைப் பிள்ளையிடமிருந்தே மறைக்கிறோம்.

மறைத்தது ஒருநாள் வெளிப்படும். திருமண வீட்டிலோ, பாகப்பிரிவினையிலோ, மருத்துவமனையில் இரத்த வகை பார்க்கும்போதோ அது வெளிப்படும். அன்று பிள்ளையை உடைப்பது தத்து என்ற செய்தி அன்று. இத்தனை ஆண்டுகள் தன்னிடம் பொய் சொல்லப்பட்டது என்ற அறிவே அவனை உடைக்கிறது. நினைவு தெரிந்த நாள் முதல் அந்தப் போர்வையின்மேல் விளையாடிய பிள்ளைக்கோ அப்படியொரு நாள் வராது. "இந்தப் பச்சைத் துண்டு யாருடையது, அம்மா?" என்று மூன்று வயதில் கேட்கும், கதை சொல்லப்படும். நான்கு வயதில் மறுபடி கேட்கும், மறுபடி சொல்லப்படும். சொல்லிச் சொல்லிப் பழகிய கதை எந்தச் சண்டையிலும் ஆயுதமாகாது.

போர்வையும் மறைக்கக்கூடும்

இங்கே போர்வையைப் புகழ்வோருக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சீனாவின் வடபகுதியில், பிறந்த குழந்தைக்காக நூறு குடும்பங்களிடம் துண்டுத்துணி வாங்கித் தைக்கும் பழைய வழக்கம் ஒன்றுண்டு. நூறு குடும்பப் போர்வை என்பது அதன் பெயர். 1992 முதல் சீனா தன் குழந்தைகளை வெளிநாட்டவர்க்குத் தத்துக் கொடுக்கத் தொடங்கியபோது, அமெரிக்கப் பெற்றோர் பலர் இவ்வழக்கத்தை ஆவலோடு ஏற்றுக்கொண்டனர். உறவினரும் நண்பரும் ஒரு துணித்துண்டையும், அதனோடு ஒரு வாழ்த்தையும் அனுப்புவார்கள். தாய் அவற்றை இணைத்துத் தைப்பாள். அழகிய வழக்கம். அதில் அன்பிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த நூறு துண்டுகளில் பெரும்பாலும் இல்லாத துண்டு ஒன்று இருந்தது: பெற்ற தாயின் துண்டு. ஒரு குழந்தைக் கொள்கையின் கடுமையால் தெருமுனைகளிலும் சந்தை வாசல்களிலும் விடப்பட்ட பெண்குழந்தைகள் பலர். பெற்றவள் யார், ஏன் விட்டாள், விட்டாளா அல்லது பறிக்கப்பட்டாளா என்ற கேள்விகளுக்கு இடமில்லாமல் போயிற்று. 2005இல் ஹூனான் மாநிலத்தில், குழந்தைகளை விலைகொடுத்து வாங்கி விடுதிகளில் சேர்த்த கும்பல் பிடிபட்டபோதுதான் பலருடைய கண்கள் திறந்தன. 2024இல் சீனா அத்திட்டத்தையே முடித்துக்கொண்டது. வளர்ந்துவிட்ட பிள்ளைகளோ இன்றும் தம் வேர்களைத் தேடி அலைகின்றனர். நூறு வாழ்த்துகளால் ஒரு கேள்வியை மூடிவிட முடியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு துணித்துண்டு இலண்டனில் இருக்கிறது. தாமஸ் கோரம் என்பவர் நிறுவி, 1741இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கிய கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம் அது. குழந்தையைக் கொண்டுவந்து விடும் தாயின் பெயர் கேட்கப்படுவதில்லை. பின்னொரு நாள் அவள் திரும்பி வந்தால் அடையாளம் காண்பதற்காக, ஒரு துணித்துண்டு பதிவுத்தாளோடு குத்தி வைக்கப்படும். ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட அத்துண்டுகள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. 2010இல் அவற்றுள் சில பொதுமக்கள் காணக் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1741 முதல் 1760 வரை அங்குச் சேர்ந்த குழந்தைகள் 16,282 பேர். அவர்களுள் தாயாரால் மீட்டுக்கொள்ளப்பட்டவர்கள் 152 பேரே.

1767 பிப்ரவரி 11 அன்று ஓர் ஆண்குழந்தை அங்கு விடப்பட்டது. அதனோடு வந்தது ஒட்டுத்துணி வேலைப்பாடு ஒன்று. சின்னஞ்சிறு துண்டுகளை இணைத்து, நடுவில் ஓர் இதயத்தை நூலால் தைத்து, அதனைச் சரிபாதியாக வெட்டியிருந்தாள் தாய். ஒரு பாதி குழந்தையோடு, மறுபாதி அவளோடு. இல்லம் அக்குழந்தைக்குப் புதுப்பெயர் சூட்டியது. எட்டாண்டுகளுக்குப் பின்னர், 1775 ஜூன் மாதத்தில் அவள் மறுபாதியோடு திரும்பி வந்து தன் மகனை அழைத்துச் சென்றாள். ஏழ்மையால் பிள்ளையை விட்டவள் இதயமற்றவள் என்று பேசும் நாக்குகளுக்கு அந்தத் துணித்துண்டே போதிய மறுமொழி.

நம் தமிழகத்திலும் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க எழுந்த திட்டம் அது. கள்ளிப்பாலுக்குப் பதிலாகத் தொட்டிலைத் தேர்ந்த தாயைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? "பெற்றுப் போட்டுவிட்டுப் போனவள்" என்கிறோம். பிள்ளையை உயிரோடு நம்மிடம் ஒப்படைத்தவள் அவள். இன்றைய சட்டம், பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்குத் தன் முடிவை மாற்றிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் தருகிறது. அந்த அறுபது நாள்களில் அவள் அழும் அழுகையை நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இப்படிப் பேசமாட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது: போர்வையில் ஒரு சதுரம் பெற்றவளுக்கென்று ஒதுக்கப்படட்டும். சாயம் ஏற்றாத வெள்ளைத் துணியாக அது இருக்கட்டும். குழந்தை வந்தபோது உடுத்தியிருந்த சட்டையோ, சுற்றியிருந்த துணியோ கிடைத்தால், ஆர்வமிகுதியால் அதை வெட்டிப் போர்வையில் சேர்த்துவிடாதீர்கள். அது உங்களுடையது அன்று, பிள்ளையின் உடைமை. துவைத்து, மடித்து, முழுதாக வைத்திருந்து, கேட்கும் நாளில் கையில் கொடுங்கள். அதனை என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

மூன்றாம் முகத்திற்கு: யார் வீட்டுத் துணி?

இனி அந்தச் சுளித்த முகம். அது கேட்கத் துணியாத கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன்: "என்ன சாதிப் பிள்ளையோ?"

"தானாடாவிட்டாலும் தன் சதையாடும்" என்று பழமொழி காட்டுவார்கள்; "என்ன இருந்தாலும் நம் இரத்தம் ஆகுமா?" என்பார்கள். இரத்தம் என்ற சொல்லை நீக்கிவிட்டுச் சாதி என்ற சொல்லை வைத்துப் படித்தால் பல இடங்களில் பொருள் சரியாக அமைந்துவிடும். பெற்றோர் யாரென்று அறியப்படாத குழந்தை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று சொல்ல இயலாது. அதுவே நம்மவர்க்குப் பேரச்சம். கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியதையும், கோவிலுக்குள் தனித்தனி வரிசை அமைத்ததையும் கண்ட திருச்சபை நம்முடையது. அந்தச் சுவரின் எச்சம் இன்னும் பல உள்ளங்களில் நிற்கிறது.

அப்படிப்பட்டவர்கள் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைச் சற்று நிதானமாகப் படிக்கட்டும். ஆபிரகாமிலிருந்து தொடங்கி, தாவீதின் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வரும் அந்த நீண்ட பட்டியல் யாரிடம் வந்து முடிகிறது? யோசேப்பிடம். அந்த யோசேப்பின் உடலிலிருந்து இயேசு பிறக்கவில்லை. பிள்ளைக்குப் பெயரிடும்படி யோசேப்பிற்குச் சொல்லப்பட்டது. பெயரிட்டுத் தன் பிள்ளையாக ஏற்றார். அந்த ஏற்பினால் இயேசு தாவீதின் மகனாகப் பட்டியலில் இடம்பெற்றார். சதையாடாத இடத்தில் தந்தைமை ஆடியது. இரத்தம்தான் எல்லாம் என்று சாதிப்பவர்கள் அந்தப் பட்டியலை என்ன செய்வார்கள்?

புனித பவுலோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். தத்தெடுத்துப் பிள்ளையாக்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அவர் பெயரிலான திருமுகங்கள் ஐந்து இடங்களில் எடுத்தாள்கின்றன. உரோமையர் சட்டத்தில் தத்தெடுக்கப்பட்டவன் முழு உரிமையுள்ள வாரிசு. அந்தச் சொல்லையே இறைவனுக்கும் நமக்கும் உள்ள உறவிற்கு எடுத்துக்கொண்டார். திருமுழுக்குத் தொட்டியிலிருந்து எழுந்த நாம் ஒவ்வொருவரும் தத்துப்பிள்ளைகளே. இதை ஞாயிறுதோறும் அறிக்கையிட்டுவிட்டு, வாசலில் நிற்கும் ஒரு தத்துக்குழந்தையின் சாதியை விசாரிப்பவர்கள் தம்முடைய திருமுழுக்கையே மறுதலிக்கிறார்கள் என்பேன்.

இங்குதான் ஒட்டுப்போர்வை வெறும் அன்பளிப்பு என்ற நிலையிலிருந்து மாறுகிறது. துணி எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்பேன். ஒரே அன்பியத்தின், ஒரே தெருவின், ஒரே உறவுமுறையின் சேலைகளை மட்டும் திரட்டித் தைத்தீர்கள் என்றால், தையலைப் பிரித்துவிடுங்கள். அது போர்வையன்று, மற்றுமொரு சுவர். மேலத்தெருவின் துண்டும் கீழத்தெருவின் துண்டும் ஒரே அளவில் அருகருகே அமர வேண்டும். கூலிவேலை செய்யும் கைம்பெண்ணின் நைந்த சேலையிலிருந்தும் ஆறு அங்குலம். ஆசிரியை வீட்டுச் சேலையிலிருந்தும் அதே ஆறு அங்குலம். "அவர்கள் வீட்டுத் துணியை எங்கள் வீட்டுத் துணியோடு சேர்ப்பதா?" என்று எவரேனும் முணுமுணுத்தால், நல்லது, நோய் வெளிப்பட்டுவிட்டது. மருந்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

வேறொரு வகைப் பேச்சையும் இங்கேயே கண்டிக்க வேண்டும். "இந்தப் பிள்ளை கொடுத்து வைத்தது, பெரும் புண்ணியம் செய்தீர்கள்" என்று பிள்ளையின் காதுபடப் பேசும் நல்லவர்கள் நம்மிடம் ஏராளம். வயிற்றில் பிறந்த பிள்ளையைப் பார்த்து எவரும் அப்படிச் சொல்வதில்லை. வாழ்நாள் முழுவதும் நன்றிக்கடன் சுமக்க வேண்டிய விருந்தாளியாகப் பிள்ளையை ஆக்கும் பேச்சு அது. தத்து ஓர் அறச்செயல் என்று பிள்ளைக்குக் கற்பிக்காதீர்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று பெற்றுக்கொண்ட நிகழ்வு அது.

தைக்கும் முறை

வாதம் முடிந்தது; இனி வேலை. அகலத்திற்கு ஆறும் நீளத்திற்கு எட்டுமாக நாற்பத்தெட்டுச் சதுரங்கள் போதும். ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்டி, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்தால், மூன்றடி அகலமும் நான்கடி நீளமும் உள்ள போர்வை கிடைக்கும். நாற்பத்தேழு குடும்பங்கள், ஒரு வெள்ளைச் சதுரம். சேலைகளை வெந்நீரில் துவைத்துக் கஞ்சி நீக்கி, வெயிலில் உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும்; சாயம் போகும் துணியைத் தனியே நனைத்துப் பார்த்து விலக்க வேண்டும். சரிகை, சமிக்கி, பொத்தான், மணி எதுவும் வேண்டா. குழந்தையின் வாய்க்குப் போகக்கூடியவை அவை. நடுவில் ஒரு பழைய வேட்டி, அடியில் ஒரு மெல்லிய பருத்தித்துணி. மூன்று அடுக்கையும் ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தும் எளிய ஓட்டுத்தையலால் இணைத்தால் போதும். தையல் கோணலாக இருந்தால் பிரிக்க வேண்டா. அது யாருடைய கை என்று பிறகு அடையாளம் சொல்லும். ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும்போது கனமான போர்வையை அதன்மேல் போடாமல் இருப்பதே நல்லது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அதுவரை அது தரையில் விரித்து விளையாடவும் மடியில் ஏந்தவும் பயன்படட்டும்.

ஒரு சிறு குறிப்பேடும் வேண்டும். எந்த வரிசையில் எந்தச் சதுரம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அதில் எழுதி வையுங்கள். வெள்ளைச் சதுரத்திற்கு நேராக, "உன்னைப் பெற்ற தாய்க்கு" என்று எழுதுங்கள். பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் அந்தக் குறிப்பேட்டை அதனிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்பு வாசகர்களே, உங்கள் அன்பியத்தில் காத்திருக்கும் தம்பதியர் எவரேனும் இருக்கக்கூடும். அவர்கள் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லத்தக்க நம்பிக்கையை நாம் அவர்களுக்குத் தந்ததில்லை. அவர்களுடைய ஒப்புதலின்றி எதையும் தொடங்காதீர்கள். தைக்கும் ஆவலில் பிறர் கதையை ஊர்ப்பேச்சாக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் "நீங்கள் அழைத்துவரும் பிள்ளை எங்கள் பங்கின் பிள்ளை, அதற்கென்று எங்கள் வீட்டுத் துணி இருக்கிறது" என்று முதலில் சொல்லும் வாய் உங்களுடையதாக இருக்கட்டும். அதற்குமுன், உங்கள் பெட்டியைத் திறந்து நைந்த பருத்திச் சேலை ஒன்றை எடுத்து வெளியே வையுங்கள். அடுத்த தெருவில் உள்ளவரிடமும், இதுவரை நீங்கள் படியேறாத அந்த வீட்டிலும் சென்று, ஒரு துண்டு கேளுங்கள்.